எண்ணும் அறமும்

மனிதனை எண்ணாக மாற்றுவது மனிதத்தன்மைக்கு இழுக்கு என்பது இலக்கிய உலகில் நெடுங்காலமாக ஒலித்துவரும் முறைப்பாடு. அதனை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த எண் யார்பொருட்டு இடப்படுகின்றது என்று வினவாது எண்ணையே பழிப்பது சிந்தனைச் சோம்பலாகும்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். பொலிசைதீமியா வேரா என்பது அரிதாகத் தோன்றும் குருதிப் புற்றுநோய். என்பு மச்சை செங்குருதிக் கலங்களை அளவுமீறி ஆக்குவதால் குருதி தடித்து, குழாய்களில் உறையும் அபாயம் உண்டாகின்றது. பிரெஞ்சு வைத்தியர் வாக்கேஸ் 1892இல் இதனை விவரித்தார். உலக சுகாதார தாபனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் திருத்தத்தில் இதன் குறியீடு டி 45. 'வேரா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'மெய்யான' என்பது பொருள். வைத்தியர் அவசரத்தில் அவ்வொரு சொல்லை எழுதாது விடுவாராயின், குறியீடு இடும் இலிகிதர் அதனைத் தாமே ஊகித்துச் சேர்த்தல் ஆகாது, டி 75.1 என்றே குறிப்பார். அதுவோ, பிற காரணங்களாற் செங்கலங்கள் பெருகும் நிலைக்குரியது, புற்றுநோயன்று. ஒரு சொல் விடுபட, ஒரு நோயாளி கணக்கினின்றும் மறைந்துபோகின்றார்.

"சிகிச்சை கிடைத்தாற் போதாதா? ஏட்டில் எது இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். அவருக்குப் போதலாம்; அவருக்குப் பின் வருவோருக்குப் போதாது. டி 45 பத்தாம் திருத்தத்தில் 'போக்கு நிச்சயமற்ற' கட்டிகளின் வரிசையிலேயே வைக்கப்பட்டது. புற்றுநோய்ப் பதிவுக்கென 2000இல் வெளிவந்த தனி வகைப்பாடு இதனைக் கொடிய புற்றுநோய் எனக் கொண்டது. 2001 முதல் ஐக்கிய அமெரிக்கப் பதிவேடுகள் இந்நோயாளரை எண்ணத் தொடங்கின. நோய் மாறவில்லை, எழுத்தே மாறிற்று.

எண்ணப்படாதோருக்கு இலாப உலகிற் குரல் இல்லை. 200,000 பேருக்குக் குறைவானோரைப் பீடிக்கும் நோய்களுக்கு மருந்து ஆக்குவோருக்கு 7 ஆண்டுத் தனியுரிமை வழங்கும் சட்டத்தை அந்நாடு 1983இல் இயற்ற நேர்ந்தது ஏன்? சிலரின் துன்பம் சந்தைக்குப் போதாதென வாணிபம் அவர்களைக் கைவிட்டதனாலன்றோ! அங்கு அதே டி 45 காப்புறுதிக் கம்பனிக்குச் செல்லும் கட்டணச் சிட்டையிலும் இடம்பெறுகின்றது. ஓரிடத்தில் இருப்புக்குச் சான்று, மற்றோரிடத்தில் விலைச்சீட்டு.

ஆகவே குற்றம் எண்ணில் இல்லை. அதனைப் பயன்கொள்ளும் சமுதாய அமைப்பில் உள்ளது. அவசரத்துக்காகச் சொல்லைக் குறையாமலும், பணத்துக்காகச் சொல்லைக் கூட்டாமலும் எழுதுவது ஏடெழுதுவோர் கடமை. எண்ணப்பட்ட ஒவ்வொருவருக்கும் மருந்து கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை. முன்னது நிறைவேறாவிடத்துப் பின்னதைக் கோருவதற்கு ஆதாரமே இராது.