எந்தக் கை?

புறங்கையில் மரத்துப்போகும் களிம்பு தடவி, மேலே கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளும் ஒட்டியாயிற்று. எம்லா என்ற அந்தக் களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். நாலு வயதுப் பையன் அதுவரை விளையாட்டறையில் ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நேரம் வந்ததும் முதலாண்டுச் செவிலிய மாணவி குனிந்து, பாசமாகவே கேட்கிறாள்: "இப்போ ஊசி போட்டுக்கலாமா?" அவன் ரயிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறான்: "வேண்டாம்."

பிரிட்டனில் குழந்தைகள் செவிலியம் படிப்பவர்கள் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும் இடம் இது. தப்பு பையனிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "வேண்டாம்" என்ற பதிலை ஏற்க முடியாத இடத்தில் "போடலாமா" என்று கேட்காதே என்று மூத்த செவிலியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். "வலது கையா, இடது கையா?" என்று கேள். "அம்மா மடியிலா, கட்டிலிலா?" என்று கேள். அவன் நிஜமாகவே தீர்மானிக்கக்கூடியதை மட்டும் அவன் கையில் கொடு.

நல்ல உபாயம்தான், நேர்மையானதும்கூட. ஆனால் கேட்காமல் விட்ட அந்த முதல் கேள்வி காணாமல் போய்விடுவதில்லை. ஒரு குழந்தை தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் "வேண்டாம்" என்ன பெறும்?

பிரிட்டனில் செவிலியர் பட்டப்படிப்பில் சேரும்போதே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நம்மூர் பி.எஸ்சி. நர்சிங்கில் குழந்தை நலம் பல பாடங்களில் ஒன்று. அங்கே அதுவே மூன்று வருடப் படிப்பு. வழக்கமான கணக்கு 4600 மணி நேரம், அதில் பாதி வகுப்பு, பாதி நேரடிப் பயிற்சி. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று மருந்தைக் கணக்கிடப் பழகுவார்கள். பேசத் தெரியாத பிள்ளையின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்து குறிகளால் பத்துக்கு மதிப்பிடப் பழகுவார்கள். தத்துவம் என்று தனியாகத் தாள் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊசியோடும் அது வந்துவிடுகிறது.

குழந்தையின் மறுப்பு என்ற இந்த இடத்தைத் தத்துவவாதிகள் சற்று வேகமாகவே கடந்துபோனார்கள். தன் உடம்புக்கும் மனதுக்கும் ஒருவர் தாமே அரசர் என்று 1859-இல் வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்று சில வரிகளில் முடித்துக்கொண்டார். மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

விக்டோரியா கில்லிக் என்ற தாய் தொடுத்த வழக்கில் 1985-இல், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: 16 வயது ஆகாவிட்டாலும், விஷயத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்தால் பிள்ளை தானே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம். வழக்கில் தோற்ற தாயின் பெயரே இன்று வார்டில் அளவுகோலாகிவிட்டது. "இவள் கில்லிக்கா?" என்று சகஜமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் 1991, 1992 ஆண்டுகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. பிள்ளையின் "சரி" செல்லும். "வேண்டாம்" என்பதைப் பெற்றோரோ நீதிமன்றமோ மீறலாம். சம்மதத்தை முதலில் சாவிக்கு ஒப்பிட்ட நீதிபதி டொனால்ட்சன் பிரபு, சாவி பூட்டவும் செய்யுமே என்று பிறகு உவமையை மாற்றிக்கொண்டார். மருத்துவரை வழக்கிலிருந்து காக்கும் குண்டு துளைக்காத சட்டை என்றார். பெற்றோர் கொடுத்தாலும் சரி, பிள்ளை கொடுத்தாலும் சரி, ஒரு சட்டை போதும். சம்மதிக்கும் அறிவு இருக்கிறது, மறுக்கும் அறிவு இல்லை என்பது என்ன தர்க்கமோ!

மதம் உள்ளே வரும்போது முடிச்சு இன்னும் இறுகுகிறது. 1990-இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்த 15 வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தது. ரத்தம் ஏற்ற மாட்டோம் என்றார்கள், அவனும் அதையே சொன்னான். நீதிபதி ஆலன் வார்ட் ஆஸ்பத்திரிக்கே போய் அவனிடம் பேசினார். புத்திசாலிப் பையன், விசுவாசம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் சாவு எப்படி வரும் என்பது முழுதாக அவனுக்குப் பிடிபடவில்லை, நாளை நம்பிக்கை தளரவும் கூடும் என்று கருதி, ரத்தம் ஏற்ற உத்தரவிட்டார். பையனுக்கு 18 வயது ஆனது. நம்பிக்கை தளரவில்லை. சட்டம் இப்போது அவன் பக்கம். ரத்தத்தை மறுத்தான், இறந்துபோனான். நீதிபதி வார்ட் சொல்லக் கேட்ட இந்த அனுபவத்திலிருந்துதான் இயன் மெக்யூவன் 2014-இல் ஒரு நாவல் எழுதினார்.

சாவின் ஒவ்வொரு படியையும் கற்பனை செய்து காட்டும்படி நாற்பது வயது விசுவாசியை யாரும் கேட்பதில்லை. பதினைந்து வயதில் இருப்பது பெற்றோர் கொடுத்த நம்பிக்கை என்றால், நாற்பதிலும் பெரும்பாலோருக்கு இருப்பது அதுதான். அப்படிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் காரணம் நொண்டுகிறது. தீர்ப்பு தவறு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பிள்ளையின் பக்தி நமக்கும் புதிதல்ல. பெரியபுராணம் சொல்லும் ஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடியதை நாம் சந்தேகிப்பதில்லை. ஆனால் அதே புராணத்தில் சிறுத்தொண்டர் கதையும் இருக்கிறது. அடியவரின் விருந்துக்காகப் பிள்ளையை அரியும்போது தாய் அவனைப் பிடித்துக்கொள்கிறாள். பெற்றோர் ஏதோ மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பிள்ளை சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு சம்மதமா?

பிள்ளை காட்டும் குறிக்குப் பெரியவர்கள் பொருள் எழுதிக்கொள்வது புராணத்தோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை பல பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகள் பெற்றோரை வாரத்துக்கு ஓரிரு முறை மட்டுமே உள்ளே விட்டன. பிள்ளை முதலில் கத்தும், பிறகு அடங்கும்; "பழகிவிட்டது" என்பார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் ஒரு இரண்டு வயதுச் சிறுமியின் எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசத்தைப் படம்பிடித்து 1952-இல் வெளியிட்டார். அந்த அடக்கம் பழக்கம் அல்ல, நம்பிக்கை இழந்த மௌனம் என்று காட்டினார். மருத்துவ உலகம் முதலில் எரிச்சல்பட்டது. 1959-இல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் நலன் பற்றிய பிளாட் குழு அறிக்கை வந்த பிறகுதான் வார்டுக் கதவுகள் மெல்லத் திறந்தன. கட்டிலருகே அம்மாவுக்கு மடக்குக் கட்டில் போடுவதெல்லாம் அதற்கப்புறம் வந்த வழக்கம்.

மறுப்புக்குக் காது கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நிஜ உதாரணம் உண்டு. புற்றுநோய் மருந்தால் இதயம் பழுதான 13 வயதுச் சிறுமி 2008-இல் மாற்று இதயம் வேண்டாம் என்றாள். ஆபரேஷன் போதும், வீட்டில் இருக்கிறேன் என்றாள். வழக்குப் போடும் பேச்சு எழுந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து பேசிய பிறகு அது கைவிடப்பட்டது. அடுத்த வருடம், யாரும் கட்டாயப்படுத்தாமல், அவளே மனம் மாறி மாற்று இதயம் பெற்றாள். இதை வைத்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் சரியாக முடிவெடுப்பார்கள் என்று சூத்திரம் போட முடியாது. அவள் மாறாமலே இருந்திருந்தாலும் கேட்டது சரிதானா என்பதுதான் கடினமான கேள்வி.

நாலு வயதுப் பையன் இடது கையை நீட்டினான். அம்மா மடியில் உட்கார வைத்து, தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். சோப்புக் குமிழி ஊதினார்கள். ஊசி ஏறும்போது கத்தினான், அரை நிமிடத்தில் ஓய்ந்தான். பிள்ளையைப் பிடித்து வைத்தால் யார் பிடித்தார்கள், எப்படி, ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே பாடம். அவசரத்தில் பல குறிப்பேடுகளில் "நன்றாக ஒத்துழைத்தான்" என்ற ஒரே வரிதான் இருக்கும். மாணவி அதைத்தான் எழுதினாள். பிறகு அடித்துவிட்டு, பையன் முதலில் வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து எழுதி, நேரத்தைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.