புழுதி விதைப்பு



தியானத்துக்கு ஆதியாகமம் 39-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். படிப்பை முடித்து முதன்முதலாய் வேலைக்குப் போயிருக்கிற நம் சபைத் தம்பி தங்கச்சிகளுக்கு இந்த மாதச் செய்தி. பெற்றோரும் கூட இருந்து வாசியுங்கள். உங்களுக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு.

சில வாரங்களுக்கு முன் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு தம்பி தோளில் பையோடு வந்து நின்றான். இன்ஜினியரிங் முடித்தவன். ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய் நாலு மாசம்தான். "பாஸ்டர், வேலைய விட்டுட்டு வந்துட்டேன். நான் படிச்சது என்ன, அவங்க செய்யச் சொல்றது என்ன? பெட்டி எண்ணச் சொல்றாங்க. நல்ல பெரிய கம்பெனியா கிடைக்க ஜெபம் பண்ணுங்க" என்றான். அவன் பின்னால் அம்மா. ஒன்றும் பேசவில்லை. காதில் தோடு இல்லை. தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. அந்தத் தோடு எந்த வருஷக் காலேஜ் ஃபீஸுக்குப் போனது என்று எனக்குத் தெரியும்.

நான் உடனே தலையில் கை வைத்து ஜெபிக்கவில்லை. ஏனென்றால் அவனில் நான் என்னையே பார்த்தேன். இருபது வயதில் ஒரு மில் ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தது. நூல் மூட்டையை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். மூன்றாம் மாசமே "இது எனக்குத் தகாது, ஆண்டவர் எனக்குப் பெரிசா வைத்திருக்கிறார்" என்று வந்துவிட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். அது விசுவாசமல்ல, பெருமை! அடுத்த இரண்டு வருஷம் அப்பாவின் கூலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தேவ பிள்ளைகளே, நம் விருதுநகர் மாவட்டம் +2 தேர்ச்சியில் பல வருஷம் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது. அதே மாவட்டத்தைத்தான் 2018-ல் மத்திய அரசு, முன்னேற்றத்துக்காகத் தனிக் கவனம் வேண்டிய மாவட்டங்களில் ஒன்றாகக் குறித்தது. தமிழ்நாட்டில் அப்படிக் குறிக்கப்பட்டவை இரண்டே: நாமும் ராமநாதபுரமும். பரீட்சையில் ஜெயிப்பது ஒன்று, வாழ்க்கையில் உயருவது வேறொன்று என்று இதில் தெரிகிறது அல்லவா?

அப்படியானால் உயர்வு எப்படி வரும்? நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலைப் பாருங்கள். மழை வருமுன்னே, புரட்டாசிப் புழுதியில் சோளம் விதைக்கிறோம். விவசாயப் பல்கலைக்கழகத்தார் அதற்கு ஒரு முறை சொல்லுகிறார்கள். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் உப்பை 2 சதவீதக் கரைசலாக்கி, விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். விதையைக் கடினப்படுத்துதல் என்று அதற்குப் பேர். பிறகு 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். மேலாகப் போட்டால் ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிப்போகும். ஆழத்தில் கிடக்கிற விதை நல்ல மழைக்குக் காத்திருக்கும்.

தம்பி, உன் முதல் இரண்டு வருஷம் அந்த ஆழம். யோசேப்பைப் பார். அடிமையாய் விலைக்கு வாங்கப்பட்டவன். பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் ஆண்டவர் அவன் பக்கத்தில் இருந்ததை எஜமானே கண்டுகொண்டான். எதினாலே? அவன் செய்த வேலையினாலே! கதை தொடங்கும்போது அவனுக்குப் பதினேழு வயது (ஆதி. 37:2); பார்வோன் முன் நிற்கும்போது முப்பது (ஆதி. 41:46). பதிமூன்று வருஷப் புழுதி!

இதிலிருந்து மூன்று காரியங்கள்.

ஒன்று, சின்ன வேலையை முழுசாய்ச் செய். கொஞ்சத்தில் உண்மையாய் இருக்கிறவனே அநேகத்திலும் உண்மையாய் இருப்பான் என்பது ஆண்டவரின் போதனை (லூக்கா 16:10). பெட்டி எண்ணுகிறாயா? எந்தச் சரக்கு எங்கிருந்து வருது, எதில் தட்டுப்பாடு, எதில் சேதம் என்று ஒரு நோட்டில் எழுது. யோசேப்பு வீட்டுக் கணக்கும் சிறைக் கணக்கும் பார்த்தவன். அதனால்தான் ஒரு தேசத்தின் தானியத்தை அவன் கையில் கொடுக்க முடிந்தது.

இரண்டு, தெரியாததைக் கேள், தப்பை ஒத்துக்கொள். நம் பக்கத்து ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாய் வந்தார்; எடுத்தது எட்டுப் பேரை. மனம் உடைந்தாலும், 1958-ல் டெல்லியில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1979 ஆகஸ்ட் 10-ல் அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தோற்றபோது, அவருக்கு மேலிருந்த சதீஷ் தவான் பழியைத் தாம் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் ஜெயித்தபோது நிருபர்கள் முன் கலாமை நிறுத்தினார். மேலதிகாரி என்றால் இப்படி! நாளைக்கு உனக்குக் கீழே பத்துப் பேர் இருக்கும்போது இதை மறக்காதே.

மூன்று, முதல் சம்பளத்திலேயே ஒழுங்கைத் தொடங்கு. ஆண்டவருக்குரியது, வீட்டுக்குரியது, சேமிப்பு என்று பிரித்து வை. பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பார். பொதுவாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் உன் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கும் அதே அளவு. வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவழிக்காதே. பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பைக் கடன், செல்போன் கடனில் கழுத்தைக் கொடுக்காதே.

அப்படியானால் எதையும் பொறுத்துக்கொள்ளணுமா பாஸ்டர்? இல்லை! போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் ஓடு. வேலைக்குப் பணம் கேட்டால், ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கப் பார்த்தால் சேராதே. தங்கச்சி, வேலை இடத்தில் எவனாவது தப்பாய் நடந்தால் வாய்மூடி அழாதே. 2013-ம் வருஷச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். எழுதிக் கொடு, வீட்டுக்கும் சொல், சபைக்கும் சொல். பாவத்துக்கு ஓடுகிறது பரிசுத்தம். சின்ன வேலைக்கு வெட்கப்பட்டு ஓடுகிறதுதான் பெருமை. இந்த வித்தியாசத்தை ஆவியானவர் உனக்கு உணர்த்துவார்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு வாங்குறான் தெரியுமா" என்று போனில் கேட்காதீர்கள். விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிற சம்சாரி உண்டா? சாப்பிட்டியா, ஜெபம் பண்ணினியா, இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட என்று கேளுங்கள்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அழுதான். அன்றைக்கே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டான். வராத நாளின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி பஸ்ஸுக்கு அம்மாதான் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தார். அந்தக் காதுக்கு இன்னும் தோடு வரவில்லை. வரும். அவனுக்காகவும், வெளியூரில் வேலை பார்க்கிற நம் சபைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, புழுதியில் கிடக்கிற எங்கள் பிள்ளைகளை நீர் மறப்பதில்லை என்பதற்காக ஸ்தோத்திரம். காத்திருக்கப் பெலன் தாரும். ஓட வேண்டிய இடத்தில் ஓடத் தைரியம் தாரும். ஏற்ற காலத்தில் மழையை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென். அல்லேலூயா!