ஆசானுக்குரிய கூலி



மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்குப் பிள்ளை குர்ஆனை ஓதி முடிக்கும் நாளில் கண் குளிர்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கையைச் சிறுபிள்ளைகள் ஓடிவந்து பற்றிக்கொள்கிறார்கள். இடைநிலைப்பள்ளி ஆசிரியருக்கோ இவ்விரு இன்பமும் அரிது. முகந்திருப்பும் வயதில் வரும் பிள்ளை, எஸ்.பி.எம். எழுதியதும் சொல்லாமலே போய்விடுகிறது. அவருக்குரிய கூலிதான் யாது?

நம் பேராக்கின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டோடு முடிபவை. அதன்பின் பாடங்கள் முன்பு ஆங்கிலத்தில்; 1970-களிலிருந்து மலாயில். மொழித் தேர்ச்சி குறைந்த பிள்ளைகள் நெடுங்காலமாக ஓராண்டு ரிமூவ் வகுப்பில் இருந்தே முதற்படிவம் சென்றனர். ஓராண்டு பின்தங்கிய பிள்ளை கேள்வி கேட்டால் வாய்திறவாது. அது திமிரா, வெட்கமா? திமிரென்று எண்ணினால் ஆசிரியர் மனம் புண்படும், பிள்ளையும் கெடும்.

அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதளவில் நபி பெருமானாரிடம் (ஸல்) பணிவிடைக்கு வந்து, பத்தாண்டு இருந்தார்கள். இடைநிலைப்பள்ளிப் பருவம் அதனுள் அடக்கம். ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்துரைக்கப்படவில்லை என்பது அவர்களே அறிவித்த செய்தி. கண்டிப்பு வேண்டாமென்பதன்று, கண்டிப்பில் இகழ்ச்சி கூடாதென்பதே இதிற் பெறும் படிப்பினை.

வாய்திறவாத பிள்ளை தவறான விடையையேனும் துணிந்து சொல்லும் நாளே ஆசிரியரின் கூலி. அதைக் காண ஸபுர் வேண்டும்.

பெற்றோர்களே! தேர்வு முடிவன்று மட்டும் பள்ளிக்குச் செல்லாதீர்கள். எம்மதத்தவராயினும் அவ்வாசிரியரை முன்னதாகவே கண்டு நன்றி கூறுங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள இல்மை அருள்வானாக! ஆமீன்.