பாண் வண்டிக்கு எத்தனை மணி?

பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபர் எலிஸ்' என்ற பியானோ மெட்டு இலங்கையில் பாண் விற்கிறது. முச்சக்கரவண்டியின் பின்புறம் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ரோஸ் பாண், மீன் பணிஸ், சீனி தூவிய கிம்புலா பணிஸ், கூரையில் சின்ன ஒலிபெருக்கி. 'சூன் பாண்' என்று நாடு முழுக்க அறிந்த இந்த வண்டி சிலாபத்திலும் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அதற்கு வேலை சுலபம். மெட்டு கேட்டதும் ஒரு பிள்ளை காசோடு ஓடிவரும். வயதானவர் தனியே இருக்கும் வீட்டு வாசலில்தான் கணக்கு சிக்கலாகிறது.

முதலில் காது. முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது உச்சத் தொனிகள்தான் முதலில் போகும். சின்ன ஒலிபெருக்கியிலிருந்து கிறீச்சென்று வரும் மெட்டு, யாருக்குக் கட்டாயம் கேட்கவேண்டுமோ அவருக்கே கேட்காமல் போகலாம். கனத்த குரலில் "அம்மா, பாண்!" என்று ஒருதரம் கூப்பிடுவது பீத்தோவனை விடப் பயன் தரும். அடுத்தது கால். கட்டிலிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடி, பேர்ஸை எடுத்து, படலை வரைக்கும் வர நேரம் வேண்டும். அதற்குள் வண்டி அடுத்த சந்திக்குப் போய்விட்டால், நாளைக்கு எழுந்து வருகிற ஆசையும் போய்விடும்.

மூன்றாவது மாத்திரை. இதை வெளியில் இருப்பவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. தைரொயிட் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணியாவது சாப்பிடாமல் இருக்கவேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கு ஊசிக்கும் உணவுக்கும் இடையில் ஒரு கணக்கு. இதயத்துக்காகவோ கால் வீக்கத்துக்காகவோ நீர்போகும் மாத்திரை எடுப்பவர் அதை வழக்கமாகக் காலையில்தான் போடுகிறார். அடுத்த சில மணி நேரத்துக்கு அவரால் கழிவறையை விட்டுத் தூரம் போகமுடியாது. போன மாதம் வரைக்கும் ஆறரை மணிக்குப் படலையில் நின்ற ஐயா இந்த மாதம் நிற்கவில்லை என்றால் பாண் வெறுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வைத்தியர் ஒரு மாத்திரையை மாற்றியிருக்கக்கூடும்.

வயதானவர்கள் பழக்கத்தின் அடிமைகள், அவர்களை மாற்றமுடியாது என்று ஒரு பேச்சு உண்டு. சிலாபத்தின் ஒரு மாதத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. பத்தாம் திகதியை ஒட்டி அரச ஓய்வூதியம் வரும். அன்று காலை வங்கி வாசல்தான் அவர்களின் இடம். முதியோர் கொடுப்பனவு எடுப்பவர்களுக்குத் தபால் கந்தோரில் ஒரு நாள் போகும். கிளினிக் நாள் இன்னொன்று. "நாளைக்கு கிளினிக் மகன், பாண் வேணாம்" என்று முதல்நாளே சொல்லும் ஆச்சிமார் உண்டு. இரத்தப் பரிசோதனைக்கு இரவிலிருந்து பட்டினி கிடக்கவேண்டும். அன்று காலைப் பாணுக்கு இடமில்லை. ஆனால் பதினொரு மணிக்குப் பசியோடு திரும்பி வருபவருக்கு ஒரு பணிஸ் கிடைத்தால் அது பெரிய காரியம்.

கோயில் நாட்காட்டி வேறு. முன்னேஸ்வரத்தில் ஆவணி உற்சவம் நாலு கிழமை போல நடக்கும்போது பல வீடுகளில் மச்சம் சேராது. மீன் பணிஸ் பெட்டியிலேயே கிடக்கும். வடக்கே உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு ஊரே விரதம் பிடிக்கும். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியுமுன் எழுபவர் பகலில் உறங்குவார். கத்தோலிக்க வீடுகளில் தவக்கால வெள்ளி பின்னேரங்களில் சிலுவைப்பாதை. ஆள் வீட்டில் இருக்காது. முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதம் முழுக்கக் காலைச் சுற்றுக்கு வேலையே இல்லை, மாலைச் சுற்றுக்கு இரட்டிப்பு வேலை. இந்த நாட்காட்டிகள் எல்லாம் தெரியாமல் இந்தக் கரையில் வாசல் வியாபாரம் செய்யமுடியாது. இத்தனை பேருடைய நேரத்தையும் தலையில் வைத்திருப்பவருக்கு அதற்கென்று ஒரு பட்டமும் கிடையாது.

பிறகு இத்தாலி இருக்கிறது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று இந்தக் கரையோரத்திலிருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 2020 மார்ச் 18ஆம் திகதி நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே இந்த ஊர்கள் இருக்கும் புத்தளம் மாவட்டத்தில் கொரோனா ஊரடங்கு போடப்பட்டதற்கு அங்கிருந்து திரும்பி வந்தவர்களும் ஒரு காரணம். பிள்ளைகள் மிலானிலும் ரோமிலும். தாய் தகப்பன் இங்கே. அங்கே மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து மகள் கைத்தொலைபேசியில் கூப்பிட்டால் இங்கே கோடையில் இரவு ஒன்பதரை. ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று இத்தாலி தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் அதே அழைப்பு இங்கே பத்தரைக்கு வரும். வயது ஏற ஏற உடம்பு வெள்ளெனத் தூங்கி வெள்ளென விழிக்கவே விரும்பும். பத்தரை வரைக்கும் விழித்திருந்த அம்மாவும் விடிய நாலு மணிக்கு எழும்பிவிடுவார். குறைந்த தூக்கத்தைப் பின்னேரத்தில் ஈடுகட்டுவார். மாலைச் சுற்று சரியாக அந்தத் தூக்கத்தின் மேல்தான் வந்து விழும். பேரப்பிள்ளையின் முகம் பார்க்க ஒரு மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுப்பவரைப் பழக்கத்தின் அடிமை என்று சொல்வது என்ன நியாயம்?

கடிகாரம் அவர்களுக்குப் புதிய தொல்லையும் அல்ல. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை தன் நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்று இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு பேருந்தையும் பஞ்சாங்கத்தையும் சமாளித்தவர்கள்தான் இன்றைய எழுபதுகளில் இருப்பவர்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரைக்கும் போனபோது சமையலையும் குளியலையும் மாத்திரையையும் இருட்டுக்குத் தக்கபடி மாற்றியடுக்கியவர்களும் அவர்கள்தான். பிறருக்காக நேரத்தை மாற்றி மாற்றிப் பழகியவர்கள் அவர்கள். அவர்களுக்காக நேரத்தை மாற்ற யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

வாசலுக்கு வருகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அன்பினால் அல்ல, பிழைப்பினால். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்புக்கு அவசரம் வந்தால் நாளைக்கு என்று ஒத்திவைத்துவிடும்; பிழைப்பு அப்படி ஒத்திவைக்க முடியாதது. தெங்கு முக்கோணத்தின் மேற்கு மூலையான இந்தப் பகுதியில் தோட்டத்துத் தேங்காய் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்தில் ஆறு தடவை பறிக்கப்படும். பறிக்க வருபவருக்கு ஒரு நாளில் பல தோட்டங்கள் இருக்கும். ஆனால் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் தேங்காய் எண்ணும்போது பக்கத்தில் நிற்க ஆசைப்படுவார். முன்பு நடுப்பகல் வெயிலிலும் நின்றவர். இப்போது பத்து மணிக்கு மேல் தலை சுற்றும். அந்தத் தோட்டத்தை அன்றைய முதல் வேலையாக வைத்தால் எண்ணிக்கையில் சண்டை இல்லை, அடுத்த பறிப்பும் கைவிட்டுப் போகாது. மீன்காரரும் இதே கணக்குத்தான். கை நடுங்கும் வீட்டில் மீனை வெட்டித் துண்டாக்கிக் கொடுத்தால் சில நிமிடம் போகும். அந்த வீடு வேறு யாரிடமும் மீன் வாங்காது.

இந்தக் கவனத்துக்கு ஒரு விலை இருப்பதையும் மறைக்கக்கூடாது. படலைக்குப் படலை இரண்டு நிமிடம் காத்திருந்தால், முப்பது படலையில் ஒரு மணி நேரம் போய்விடும். பள்ளிக்கூட வீடுகள் ஏழு மணிக்குள் காலியாகும். அவற்றைத் தவறவிட்டால் பெட்டியில் பாதி பாண் மிஞ்சும். 2022 ஓகஸ்டில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல் ஓடலாம், அவ்வளவுதான். பல வண்டிகள் சத்தமில்லாமல் நின்றன. ஓடியவற்றுக்கும் சுற்றைக் குறைக்காமல் வழியில்லை. எந்த ஒழுங்கையைக் குறைப்பது? ஒரு றாத்தல் பாணை இரண்டு நாள் வைத்துச் சாப்பிடும் வீடு இருக்கும் ஒழுங்கையைத்தான் எந்த வியாபாரியும் குறைப்பார். பிழைப்பினால் வரும் கவனத்தின் எல்லை அங்கே தெரிகிறது.

இந்த எல்லையை ஜப்பானில் கொஞ்சம் நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். டொகுஷிமா மாவட்டத்தில் 2012இல் தொடங்கிய 'டொகுஷிமாரு' என்ற நடமாடும் கடைகள் சின்ன லொறிகளில் மளிகையும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு, கடைக்குப் போகமுடியாத முதியவர்களின் வீட்டுக்கு வாரத்தில் இருமுறை போகின்றன. வண்டியை ஓட்டுபவர் சம்பளக்காரர் அல்ல, தன் வண்டிக்குத் தானே முதலாளி. காத்திருக்கும் நேரத்துக்கும் ஓட்டத்துக்கும் காசு எங்கிருந்து வரும்? தொடக்கத்தில் ஒவ்வொரு பொருளின் மேலும் பத்து யென் கூட்டி விற்றார்கள். அதைத் தருவது அந்த முதியவர்தான். கூடவே ஒரு கட்டுப்பாடு: தேவைக்கு மேல் விற்காதே, போனமுறை வாங்கியது முடிந்ததா என்று கேள். இன்னும் பழைய உதாரணம் யாகுல்ட் என்ற பால்பானம். 1972இல் ஃபுகுஷிமா மாவட்டத்துக் கொரியாமாவில் தனியாக இருந்த முதியவர் ஒருவர் கவனிப்பாரின்றி இறந்ததைக் கேள்விப்பட்ட விற்பனைப் பெண் ஒருவர், தன் செலவிலேயே தன் வழியிலிருந்த முதியவர்களுக்குப் போத்தலைக் கொண்டுபோகத் தொடங்கினார். பிறகு நகரசபை அதை எடுத்துக்கொண்டது. போத்தலுக்கு நகரசபை பணம் கொடுக்க, பெண் கதவைத் தட்டினார்.

இரண்டிலும் கவனிக்கவேண்டியது அன்பைப் பற்றிய உபதேசம் எதுவும் இல்லாததுதான். காத்திருப்புக்கு யாரோ ஒருவர் காசு கொடுக்கிறார். சிலாபத்தில் அதைத் தருபவர் தன் பெற்றோலில் ஓடும் பாண் வண்டிக்காரர். முதியவர்களின் எண்ணிக்கை இப்படியே நிற்கப்போவதும் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். அவர்களில் சிலருக்குக் கிளினிக்கில் பாணே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். குரக்கன் பாண் வைத்திருக்கும் வண்டி அப்போதும் அந்தப் படலையில் நிற்கும். வைத்திராத வண்டி சும்மா ஒரு தலையசைப்போடு கடந்துபோகும், பிறகு அதுவும் நின்றுவிடும்.

எதையும் விற்கவேண்டிய தேவை இல்லாத இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு விடியுமுன்னே போய் நம்பர் எடுத்து, மருந்து வாங்கி வெளியே வர நடுப்பகல் தாண்டும் என்பது இந்த நாட்டு முதியவர்களுக்குப் பழகிப்போன விஷயம். மருந்து இலவசம், சிகிச்சை இலவசம். அதை ஒருவரும் சின்னதாக எண்ணமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய நேரமும் இலவசம் என்றுதான் அந்த வரிசை நினைக்கிறது. வேலைக்குப் போகாதவருக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. நீர்போகும் மாத்திரை போட்டவர் அந்த வரிசையில் நிற்க என்ன செய்கிறார்? அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடத் தோன்றும். வைத்தியரைப் பார்க்கப் போகிற நாளில்தான் வைத்தியர் சொன்ன மாத்திரையை விடவேண்டியிருக்கிறது.

வேறு வழி இல்லை என்று சொல்லமுடியாது. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் வழியாக நோயாளர் வீட்டுக்கே அனுப்பினார்கள். ஓய்வூதியக்காரர்களை வங்கிக்கு ஏற்றிப்போக முப்படையினரின் வாகனங்களும் வந்தன. தொற்றுக்குப் பயந்து செய்ததுதான், ஆனால் செய்யமுடிந்தது. தபால்காரருக்கு எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கதவு திறப்பார் என்பது பாண் வண்டிக்காரரைப் போலவே தெரியும். மாத்திரை மாறாத நோயாளிக்கு மாதாமாதம் அதே மருந்துதான். அதை மறுபடி தபாலில் போடலாம். நேரில் வந்தே ஆகவேண்டியவருக்குக் கிளினிக் அட்டையில் திகதிக்குப் பக்கத்தில் ஒரு மணியையும் எழுதலாம். எழுதுமுன் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: காலையில் எத்தனை மணிக்குப் பிறகு உங்களால் வீட்டை விட்டுக் கிளம்பமுடியும்?