முதிர்ந்த சிற்றுயிருக்கும் மருந்து உண்டு



அசோகச் சக்கரவர்த்தி கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பொறிப்பித்த இரண்டாம் பாறைச் சாசனத்தில் இருவகைச் சிகிச்சைகள் கூறப்பட்டுள்ளன. ஒன்று மனிதர்க்கு, மற்றொன்று விலங்குகட்கு. தம் ஆட்சிப் பரப்பில் மட்டுமன்றிச் சோழ, பாண்டிய நாடுகளிலும் இவ்வேற்பாடு செய்யப்பட்டதாக அச்சாசனம் உரைக்கிறது. மூலிகைகள் இல்லாத இடங்கட்கு அவற்றைக் கொணர்வித்து நடச் செய்தார். நாம் வாழும் இக்கர்நாடகத்தில், சித்ரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரிச் சாசனமும் உயிர்களிடத்து இரக்கம் உறுதிப்பட வேண்டுமென்று கூறுகிறது. ஆகவே பிராணி வைத்தியம் நம் தன்மத்துக்குப் புதியதன்று.

இதனை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பெங்களூரில் பல இல்லங்களில் ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியைக் குழந்தைகள் வளர்க்கின்றனர். அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. மயிர் உதிர்ந்து, தீனி குறைந்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் அதனைக் கண்டு, "வாங்கிய விலைக்கு மேல் வைத்தியச் செலவா? வேறொன்று வாங்கிவிடலாமே" என்கின்றனர் பெரியோர். குழந்தையோ அழுகிறது. இவ்விருவருள் தன்மத்தின் பக்கம் நிற்பவர் யார்?

நாம் நூலாலையில் உழைத்தவர். தேய்ந்த கதிரைக் கழற்றி எறிந்து புதுக்கதிர் மாட்டுவதை நாள்தோறும் கண்டோம். கதிருக்கு நோவில்லை, அது தகும். மூச்சுள்ள ஒன்றையும் அவ்வாறே எண்ணத் தொடங்கினால், கை தளர்ந்த தொழிலாளியையும், பாயிற் கிடக்கும் தாயையும் அவ்வாறே எண்ணும் நாள் தொலைவில் இல்லை.

நோயாளியைப் பேணுவோனுக்குரிய ஐந்து குணங்களைப் பகவான் வினயத்தில் வகுத்தருளினார். ஏற்றது ஏலாதது அறிதல், மலசலங்களை அருவருக்காமை, பொருளாசையின்றி அன்பினால் பேணுதல் என்பன அவற்றுட் சில. இவை இங்கும் பொருந்தும்.

ஹாம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. அவை மிகுந்து வளர்ந்தால் தின்ன இயலாது. முதுமை என்று நாம் கைவிட்டது பல்லின் குறையாகவும் இருக்கலாம். வைத்தியர் அதனைச் சீர்செய்வார். மனிதரைக் காக்கும் பெனிசிலின் இனத்து மருந்துகள் இவ்வுயிரின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். ஆதலின் வீட்டு மருந்தைத் தாமாகக் கொடாதீர். சிற்றுயிர் வைத்தியம் பழகியவரை முன்னரே விசாரித்து அறிக. 1958-இல் நிறுவப்பெற்ற ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டறியலாம். காற்றுப்புகும் உறுதியான பெட்டியில், அதன் பழைய படுக்கையில் சிறிது இட்டு, குளிர்காற்றுப் படாமல் கொண்டுசெல்க. நீருக்குப் பதிலாக வெள்ளரித்துண்டு போதும். எத்தனை நாளாய் உண்ணவில்லை, உடல் எவ்வளவு மெலிந்தது என்பவற்றைக் குறித்துச் செல்க. வாயில்லா உயிருக்கு நாமே வாய்.

தீராத நோய் என்று வைத்தியர் கூறினால்? செலவையும் தொல்லையையும் எண்ணி, அதன் உயிரை முடித்துவிடச் சொல்வது முதற்சீலத்துக்கு மாறு. வலி தணிக்கும் மருந்தைக் கேளுங்கள். வெதுவெதுப்பான இடமும், மெல்லிய தீனியும், எட்டும் தூரத்தில் நீரும் வையுங்கள். சாவைத் தடுக்க எவராலும் ஆகாது. தனிமையில் துன்புற்றுச் சாவதைத் தடுக்க நம்மால் ஆகும்.

அன்பர்களே, குழந்தை நம்மைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. இன்று அச்சிறு பெட்டியை ஏந்தப் பழகிய கையே நாளை நம் தளர்ந்த கையையும் பற்றும்.

எல்லா உயிரும் நோயற்று வாழ்க!