எந்த ஊர், எந்தப் பக்கம்?

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் கிழக்கே போகிறவர், கச்சேரியைத் தாண்டியதும் அரியாலைக்குள் வந்துவிடுவார். அதற்கப்பால் செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், பிறகு தென்மராட்சி. நகரத்துக்குக் கிட்ட இருந்தும் நகரத்து நெரிசல் இல்லாத ஊர் இது. பஸ் ஓடும் வீதி உண்டு. போதனா வைத்தியசாலையும் கச்சேரியும் பேர்பெற்ற பாடசாலைகளும் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர், பல்கலைக்கழக மாணவர், பிள்ளையின் படிப்புக்காக வன்னியிலிருந்து வரும் குடும்பம் என்று பலரும் இங்கே வாடகைக்கு வீடு தேடுகிறார்கள்.

தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது பூட்டிய வீடுகள்தான். உடைமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ இருப்பார். திறப்பு ஒன்றுவிட்ட சகோதரரிடமோ பெரியம்மாவிடமோ இருக்கும். கோயில் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ சில ஆண்டுக்கு ஒருமுறை அந்த வீடு திறக்கப்படும். பூட்டிய வீடு இத்தனை இருக்க, தனக்கென்று ஒரு வீடு கிடையாமல் அலைகிறவருக்குக் கேட்டுக்கு வெளியே சில கேள்விகள் காத்திருக்கின்றன. "எந்த ஊர்? அங்க எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்யிறார்? கலியாணம் முடிச்சாச்சோ? மச்சம் சமைப்பியளோ?" எல்லாம் மரியாதையாகக் கேட்கப்படுபவை. ஊரையும் பக்கத்தையும் தகப்பனின் தொழிலையும் சேர்த்து விசாரித்தால் சாதி தெரிந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் பிடிக்காவிட்டால் யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. "வீட்டுக்காரர் வரப்போகினமாம்" என்ற செய்தி வரும். அல்லது நேற்றுச் சொன்ன வாடகை இன்று ஒன்றரை மடங்காகும்.

இந்த இடத்தில்தான் அறக்கேள்வி எழுகிறது. வீடு தன்னுடையது என்பதால், அதில் யார் குடியிருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் உடைமையாளருக்கு உரியதா? அந்த உரிமைக்கு எல்லை உண்டென்றால், அது எங்கே இருக்கிறது?

உடைமையாளரின் பக்க நியாயத்தை அதன் முழு வலுவோடு முன்வைப்பதே முறை. யாழ்ப்பாணத்தில் வீடு என்பது பெரும்பாலும் ஒரு தலைமுறையின் முழு உழைப்பு. பலருக்கு அது சீதனமாக வந்தது. மகளுக்குச் சீதனமாகப் போக வேண்டியது. போர்க்காலத்தில் வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது, கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களைக் கண்டார்கள். சிலர் தங்கள் வீட்டில் வேறு யாரோ இருப்பதைக் கண்டார்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளைப் பலரால் காணவே முடியவில்லை. கைவிட்டுப் போனால் திரும்பக் கிடையாது என்ற பயம் அனுபவத்தில் விளைந்தது.

சட்டமும் அந்தப் பயத்தை வளர்த்தது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தி, குடியிருப்பவரை எழுப்புவதை மிகக் கடினமாக்கியது. ஏழைக் குடியிருப்பாளரைக் காக்க வந்த அந்தச் சட்டத்தால், பழைய வாடகைக்கே பல ஆண்டுகள் வீட்டை விட்டுக்கொடுத்தபடி வழக்குப் பேசி அலைந்த உடைமையாளர்களும் உண்டு. வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும் என்ற பேச்சு இலங்கை முழுவதும் பரவியதற்கு இது ஒரு காரணம். இத்தகைய நாட்டில் குடியிருக்க வருபவரைத் துருவி விசாரிப்பதை வெறும் திமிர் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பயத்துக்குக் காரணம் இருப்பதால், பயத்தின் பேரில் செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது. வீடு கைவிட்டுப் போகும் என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே மருந்து உண்டு. பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டால் ஆட்சியுரிமை கிடைக்கும் என்ற விதி, உடைமையாளரின் சம்மதத்தோடு வாடகை கொடுத்து இருப்பவருக்குச் சாதாரணமாகப் பொருந்தாது. போரினால் இடம்பெயர்ந்து காணியைப் பார்க்க முடியாமற் போனவர்களுக்கு, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விடும் சட்டம் 2016இல் வந்தது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை முடிந்தும் எழும்ப மறுப்பவரிடமிருந்து சுருக்கமான நடைமுறையில் வீட்டை மீட்க, 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. நொத்தாரிசிடம் போகச் சோம்பல்பட்டு வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுப்பவர், அந்தச் சோம்பலால் வரும் ஆபத்தை, வீடு தேடி வந்தவரின் பிறப்பை விசாரித்துத் தீர்க்கப் பார்க்கிறார். வாடகையை ஒழுங்காகக் கட்டுவாரா என்பதற்குச் சாதி எந்தச் சாட்சியும் சொல்வதில்லை. முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் விசாரிப்பதும் வேலை உறுதிக் கடிதமும்தான் அதற்குச் சாட்சி.

எனவே கேள்விகளை இரண்டாகப் பிரிக்கலாம். மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு, வாகனம் உண்டா என்பவை, வருபவர் வீட்டை எப்படி வைத்திருப்பார் என்று அறிவதற்கானவை. அவற்றுக்குத் தரும் பதிலை அவரால் மாற்றிக்கொள்ளவும் முடியும். எந்தப் பக்கம், யாருடைய பிள்ளை, மலையகமோ என்பவை அவர் எப்படிப் பிறந்தார் என்பதைத் தோண்டுபவை. அவற்றுக்கு அவர் என்ன செய்தாலும் பதில் மாறாது. ஒருவர் தன் நடத்தையால் மாற்ற முடியாத ஒன்றுக்காக அவரைத் தெருவில் நிறுத்துவது தண்டனை. குற்றமில்லாத இடத்தில் தண்டனை கொடுக்க எந்தக் காணி உறுதியும் எவருக்கும் உரிமை தருவதில்லை.

இதற்கு வழமையாக வரும் மறுப்பு, "எனக்கு ஒண்டுமில்லை, ஆனால் அயலுக்குச் சரிவராது" என்பது. கிணற்றடி ஒன்று, வேலி ஒன்று, கோயில் ஒன்று. அயலைப் பகைத்துக்கொண்டு இருக்க முடியாது என்கிறார்கள். நிலத்தடி நீரை நம்பி வாழும் குடாநாட்டில் கிணற்றைப் பகிர்வது பெரிய விடயந்தான். கிணற்றில் யார் கை வைக்கலாம் என்பதைச் சுற்றியே இங்கு சாதிக் கொடுமையின் பெரும்பகுதி நடந்தது. ஆனால் அயலவரின் வெறுப்பைத் தன் கையால் நிறைவேற்றிவிட்டு, அது தன் வெறுப்பில்லை என்று சொல்வதில் நேர்மை இல்லை. அயல் எவ்வளவு கதைத்தாலும் திறப்பு உடைமையாளரிடம் இருக்கிறது. பழியும் அவருக்கே. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவு கேட்டு நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தடுத்தவர்களும் ஊர் வழமையின் பெயரைத்தான் சொன்னார்கள். அன்று அந்த வாதத்தை ஏற்காதவர்கள் இன்று அதே வாதத்தைத் தங்கள் கேட்டில் தொங்கவிடுவது பொருந்தாது.

சட்டம் இந்த இடத்தில் பெரிதும் மௌனமாக இருக்கிறது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12 ஆம் உறுப்புரையில், இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கிடம், தன் மதத்து வழிபாட்டிடம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே போடப்படுவது. தனியாள் தன் வீட்டை மறுத்தால் அந்த வழக்கு எட்டாது. சட்டம் எட்டாத இடத்தில் நடப்பதை மனச்சாட்சிதான் விசாரிக்க வேண்டும்.

வேறு நாடுகளில் சட்டம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1968இல் வந்த நியாய வீடமைப்புச் சட்டம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுத்தது. உடைமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்களுக்கு அது ஒரு விலக்கையும் அளித்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மனித உரிமைகள் சட்டக்கோவை 1962 முதல் இருக்கிறது. இன்று அங்கே இனம், பிறந்த இடம், மதம் போன்றவற்றைக் காட்டி வாடகை வீடு மறுப்பது சட்டமீறல். உடைமையாளரும் குடியிருப்பவரும் குளியலறையையோ குசினியையோ பகிரும் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதிப் பாகுபாடும் இந்தச் சட்டக்கோவைக்குள் வரும் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2023இல் தெளிவுபடுத்தியது.

இந்த விலக்குகளுக்குள் ஒரு நியாயமான அளவுகோல் இருக்கிறது. ஒரே குசினியில் சமைத்து ஒரே கூரையின் கீழ் படுப்பவருக்கு, தன்னோடு வாழப் போகிறவரைத் தெரிவு செய்யும் இடம் சற்று அகலமாக இருக்கலாம். தனியே வாழும் ஒரு முதிய தாய், தன் வீட்டு அறையைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தருவேன் என்றால் அதில் குறை காண முடியாது. சைவக் குசினியைப் பகிரக் கொடுப்பவர் மச்சம் வேண்டாம் என்பதும் அப்படியே. வீட்டிலிருந்து உடைமையாளர் எவ்வளவு தூரம் விலகுகிறாரோ அவ்வளவுக்கு அந்த இடம் ஒடுங்க வேண்டும். பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு, தன் அரியாலை வீட்டின் குசினியில் என்ன சமைக்கப்படுகிறது, யாருடைய பிள்ளை சமைக்கிறது என்று கேட்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நடப்பதோ நேர்மாறு. அறை தேடி வரும் பிள்ளைக்கு உள்ளூர் முதியவர் பரிவோடு இடம் கொடுப்பதும் உண்டு. வெளிநாட்டுக்காரர் வீட்டில்தான் விசாரணை பலதடவை கடுமையாகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தன்னிடம் யாரும் கேட்கக் கூடாதென்று சட்டம் காக்கும் அதே கேள்வியை, அவர் தொலைபேசியில் உறவினர் வாயிலாக அரியாலையில் கேட்பிக்கிறார். அகதியாக இறங்கி, பெயரையும் நிறத்தையும் பார்த்து வீடு மறுக்கப்பட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே பெற்ற பாதுகாப்பை இங்கே மற்றவருக்கு மறுப்பது, தனக்கொரு நீதி ஊருக்கொரு நீதி என்பதே.

திறப்பு வைத்திருக்கும் உறவினருக்கும் இதில் பங்குண்டு. "அவை சொல்லினம், நான் சொல்லுறன்" என்று அவர் கைகழுவிவிட முடியாது. கேள்வி அவர் வாயிலிருந்து வருகிறது. அவர் கேட்க மறுத்தால், வெளிநாட்டிலிருப்பவர் வந்து கேட்கப் போவதில்லை.

வாடகைத் தொகையிலும் ஓர் அறம் உண்டு. சந்தை தரும் விலையைக் கேட்பது தவறில்லை. வீட்டுக்கு வரியும் திருத்த வேலையும் உண்டு. ஆனால் அரியாலையின் வாடகையை இங்குள்ள சம்பளம் தாங்குமா என்று பார்க்காமல், டொலரிலும் பவுணிலும் கணக்குப் பார்த்து நிர்ணயித்தால், அரச ஆசிரியரும் தாதியும் அந்த ஊருக்குள் இருக்க முடியாது போகும். ஓராண்டு, ஈராண்டு வாடகையை முற்பணமாக ஒரேயடியாகக் கேட்பதும் அப்படியே. கையில் ரொக்கம் உள்ளவரை மட்டும் அது உள்ளே விடுகிறது. இங்கே பிறப்பைக் கேட்காமலே ஆளை வடிகட்டும் வேலையைப் பணம் செய்கிறது. வீட்டைப் பூட்டி வைத்திருப்பது குற்றமில்லை. வாடகைக்கு விடுவதாக அறிவித்துவிட்டு, உழைக்கும் ஆள் எட்ட முடியாத தொகையைச் சொல்வதைக் குற்றம் என்று சொல்லாவிட்டாலும் சுயநலம் என்று சொல்லலாம்.

வெளியாளை உள்ளே விட்டால் ஊர் கையைவிட்டுப் போகும் என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். போரில் நிலம் இழந்த சமூகத்துக்கு அந்தக் கவலை இயல்பு. ஆனால் காணி கைமாறுவது உறுதியால், வாடகையால் அன்று. கிளிநொச்சியிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்து ஒரு வருடம் தங்கும் தாதியால் அரியாலை யாருடையது என்பது மாறாது. ஒருவரும் குடியிராத வீடுகளாலேயே ஓர் ஊர் மெல்ல இல்லாமற் போகிறது.

வீடில்லாமல் நிற்பதன் வலியை அரியாலை நன்றாக உணர முடியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் காலியானபோது, இலட்சக்கணக்கானோர் இந்தக் கண்டி வீதியால்தான், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். அரியாலைக்காரரும் அவர்களோடு போனார்கள். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் தங்கின. விறாந்தையும் மாட்டுக்கொட்டிலும் வீடாயின. அந்த நாட்களிலும் கிணற்றடியில் வேறுபாடு பார்த்த வீடுகள் இருந்தன. வாடகை கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் எந்தப் பக்கம் என்று கேளாமல் கேட்டைத் திறந்தவர்கள் இருந்ததால்தான் அத்தனை பேரும் அந்த மாரியைக் கடந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2000இல், முறை மாறி, தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்து மற்றவர் வீடுகளில் தங்க நேர்ந்தது. இங்கே வீடு உள்ளவர், வீடு தேடுபவர் என்ற இரண்டு நிரந்தர வகுப்புகள் இருந்ததில்லை.

எனவே முடிவு இது. வீட்டைக் காக்கும் கேள்விகளைக் கேட்க உடைமையாளருக்கு முழு உரிமை உண்டு. பிறப்பைத் தோண்டும் கேள்வியைக் கேட்க அவருக்கு அறத்தில் உரிமை இல்லை. வீட்டில் இல்லாதவருக்கு அது அறவே இல்லை. வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள் நொத்தாரிசிடம் எழுதுங்கள், ஊர்ச் சம்பளம் தாங்கும் தொகையைச் சொல்லுங்கள், முற்பணத்தைச் சில மாதங்களோடு நிறுத்துங்கள். எந்த ஊர், எந்தப் பக்கம் என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். திறப்பு வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மறுத்தால், இந்த வழக்கத்தில் பாதி நாளைக்கே நின்றுவிடும்.