உறவும் ஊதியமும்

கொலை, களவு, பொய் முதலியவை பாவங்கள் என்பதைச் சைவ மக்களாகிய நாம் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கின்றோம். ஆயினும் பாவம் என்று எமக்கே தோன்றாத வகையில், அன்பு என்ற பெயரிலும் உரிமை என்ற பெயரிலும் நாம் செய்துவரும் தவறுகள் சில உண்டு. உறவினர் ஒருவரின் உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் கொடாது விடுதல் அவற்றுள் ஒன்றாகும். என் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டே இதனைச் சிந்திக்க விரும்புகின்றேன்.

கடந்த வருட மகோற்சவத்துக்கு வெளிநாடுகளில் வாழும் என் பிள்ளைகள் மூவரும் குடும்பத்தோடு வந்திருந்தனர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டுப் படங்கள் யாவும் அழிந்துபோயின. என் தந்தையாரின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அவரது அந்தியேட்டிக் கல்வெட்டில் அச்சான மங்கலான படம் ஒன்றே மிஞ்சியது. ஆகவே எல்லோரும் சேர்ந்திருக்கும் நல்ல குடும்பப் படம் ஒன்று வேண்டுமென என் மனைவி விரும்பினார். என் தமக்கையாரின் மகன் நகரத்தில் ஸ்ரூடியோ நடத்துகின்றார். "எங்கடை பொடியன் இருக்க ஏன் வேறாள்?" என்று அவரையே அழைத்தோம்.

அவர் ஒரு நாள் முழுவதும் கடையைப் பூட்டிவிட்டு, உதவியாளர் ஒருவரோடும் விளக்குகளோடும் வந்தார். அழுத குழந்தை சிரிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். பின்னர் நான்கு இரவுகள் கணினியின் முன்னிருந்து படங்களைத் திருத்தி, பெரிதாக அச்சிட்டு, சட்டமும் போட்டுக் கொண்டுவந்து தந்தார். எவ்வளவு என்று கேட்டேன். "உங்களிட்டையோ மாமா காசு கேக்கிறது? விரும்பினதைத் தாங்கோ" என்றார். அச்சுக்கும் சட்டத்துக்கும் போதுமான பணத்தை உறையிலிட்டுக் கொடுத்தேன். எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று அன்றிரவு மகனிடம் பெருமையாகவும் சொன்னேன்.

சில வாரங்களின் பின் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வீதியில் இருந்தபோது தமக்கையார் கதையோடு கதையாகச் சொன்னார்: "திருவிழாக் காலம் முழுக்க அவனுக்கு ஓயாத வேலைதான். ஆனால் எல்லாம் சொந்தக்காரர் வீடுகள். கமராவுக்கு எடுத்த கடனைக் கட்ட மருமகளின்ரை சங்கிலியை அடைவு வைச்சிட்டான்." அவர் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியில் என் பங்கும் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

எமது ஊரில் ஒருவருக்கொருவர் உறவல்லாதவர் எத்தனை பேர்? ஒவ்வொரு வீட்டாரும் "நான் ஒருவன் தானே குறைத்துக் கொடுக்கின்றேன்" என எண்ணினால், அத்தொழிலாளி யாரிடம் உழைத்து வாழ்வது? அயலூரிலிருந்து வருபவருக்குக் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுக்கின்றோம். எம் இரத்தம் என்பதற்காகவே ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்போமாயின், உறவு அவருக்குத் துணையாக இல்லை, தண்டமாகவே அமைந்துவிடுகின்றது.

இவ்விடத்தில் பெரியபுராணம் கூறும் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அடியார்களுக்கு அமுதளிக்கும் பொருட்டு, இறைவன் திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினார். அப்பர் பெற்ற காசு குறைவற்றது. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வட்டம் கேட்டனர். ஆதலால் அவரது திருமடத்தில் அடியவர் அமுது செய்யக் காலம் தாழ்ந்தது. இதற்குச் சேக்கிழார் பெருமான் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. சம்பந்தர் உமையம்மையின் ஞானப்பால் உண்ட திருமகனார். ஆகையால் வாசியுள்ள காசு பெற்றார். அப்பர் உழவாரம் கொண்டு கைத்தொண்டு செய்தவர். ஆகையால் வாசியில்லாக் காசு பெற்றார். பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வேண்ட, அவரது காசின் குறையும் நீங்கியது.

கையால் உழைத்தவருக்கு இறைவன் குறைத்துக் கொடுக்கவில்லை என்பது இங்கு நாம் கொள்ளத்தக்க பாடமாகும். நாமோ ஒருவர் உறவினர் என்பதைக் காட்டி, அவருடைய உழைப்பின் காசிலேயே வாசி பிடிக்கின்றோம்.

அப்படியாயின் உறவுக்குள் உரிமைக்கு இடமில்லையா எனச் சிலர் வினவலாம். திருவள்ளுவர் பழைமை என்றோர் அதிகாரமே வகுத்து, நண்பர் உரிமையோடு செய்வனவற்றை மனம் கோணாது ஏற்கும்படி கூறியுள்ளாரே எனவும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவ்வறிவுரை பொறுத்துக்கொள்பவரின் பெருமையைப் பேசுவதாகும். மற்றவர் பொறுப்பார் என்று கணக்கிட்டு உரிமை எடுப்பதற்கு அது அனுமதியாகாது. திருக்குறிப்புத் தொண்ட நாயனார் அடியார்களின் உடைகளைக் கூலி கருதாது வெளுத்துக் கொடுத்தார். அது அவர் தாமே விரும்பிச் செய்த தொண்டு. உறவைக் காட்டி வாங்கிக்கொள்ளும் இலவச வேலை தொண்டாகாது. கொடுப்பவர் மனமுவந்து தருவதே கொடை. "இல்லை" என்று சொல்ல முடியாதவரிடம் பெறுவது கொடையன்று.

ஆகவே வேலையைத் தொடங்க முன்னரே "வேறாளுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டுவிடுதல் நன்று. தொழில் செய்பவரும் கூச்சத்தை விட்டுத் தம் விலையைச் சொல்லவேண்டும். உறவுதானே என்று வேலையில் குறைவைக்கவும் கூடாது. அவர் தாமாகக் குறைத்தால் நன்றியோடு ஏற்கலாம். வசதி இல்லாதவர் அதனை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்பதில் இழிவு எதுவுமில்லை.

நான் வேறொரு ஸ்ரூடியோவில் விலையை விசாரித்து, மிகுதிப் பணத்தோடு மருமகனிடம் சென்றேன். அவர் வாங்க மறுத்தார். "தம்பி, இது அன்பளிப்பு இல்லை. உன்ரை கூலி. நான்தான் பிந்தித் தாறன்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து பின் வாங்கிக்கொண்டார்.

இவ்வருடக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் அவர் வீட்டுக்கு வந்தார். கல்வெட்டிலிருந்த என் தந்தையாரின், அதாவது தம் பேரனாரின், மங்கலான படத்தை நான் கேளாமலே கணினியில் தெளிவாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவந்திருந்தார். அதற்கு நான் பணம் கொடுக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கூலி தீர்ந்த இடத்தில் கொடை எவ்வளவு இயல்பாக வருகின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

உழைப்பவர் மனம் நோகாது வாழவும், எமது உறவுகள் கடனின்றித் தழைக்கவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.